நாலாம் நம்பர் முயல் சொன்ன சேதி

போன மாதம் இந்த ஊரில் லேப் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஒரு கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அது எனக்கு ஒரு முழம் நீளம் அதிகம். மேடையிலிருந்து இறங்கும்போது மிதித்துத் தடுமாறினேன். பிறகு ஒரு பெண் விரல் நீளத்தில் ஓர் அட்டையை என் கையில் வைத்து, “ரெண்டு துளி விட்டா மதி ஸார். அஞ்சு நிமிஷத்துல கோடு விழும். ரெண்டு கோடுன்னா கர்ப்பம், ஒண்ணுன்னா இல்லை. வீட்டுல இருந்தே பாத்துக்கலாம்” என்றாள். மதி என்றால் இந்த ஊரில் போதும். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதற்குத் தீனி போட வேண்டாம், கூடு கழுவ வேண்டாம், அது கடிக்கவும் கடிக்காது. இத்தனை வயதில் ஓர் அட்டையின் மேல் எனக்குப் பொறாமை வந்தது.

“உங்க காலத்துல முயலை வச்சுத்தான் பார்ப்பேளாமே ஸார். தப்பா பாசிட்டிவ் வருமோ?” என்று கேட்டாள்.

“அபூர்வமா வரும். ஒரு தடவை நானே வரவழைச்சேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கிழவர் தமாஷாகப் பேசுகிறார் என்று நினைத்திருப்பார்கள். தமாஷ் இல்லை என்பதால் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கோட்டைக்குள் அக்கிரஹாரத்தில் பிறந்தவன். அப்பா சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. என்னையும் அங்கேயே நுழைத்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். இண்டர்மீடியட் பரீட்சையில் என் கணக்கு அதற்கு ஒத்துழைக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று பட்டணத்துக்குப் போய் ஆறு மாதம் லேப் பயிற்சி பெற்றேன். அதில் பாதி நாள் கண்ணாடிக் குழாய் கழுவினேன், மீதி நாள் கழுவிய குழாயைத் துடைத்தேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திரும்பி வந்ததும் டாக்டர் ஈப்பன் என்பவர் கிழக்கேகோட்டைக்கு வெளியே சொந்தமாக நடத்திய சிறிய பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. மேல்நாட்டுப் புத்தகத்தில் இருக்கும் எல்லாம் எனக்குத் தெரியும் என்ற எண்ணம் மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

டாக்டர் ஈப்பன் மெலிந்த மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். அதிகக் கோபம் என்றால் அதிக நேரம் துடைப்பார். எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான்: “ஸ்வாமி இது கண்டதோ, கேட்டதோ?” கண்ணால் பார்த்தாயா, இல்லை யாரோ சொல்லக் கேட்டதா என்று பொருள். இந்த ஊர் மலையாளிகளுக்கு நாங்கள் எல்லோருமே ஸ்வாமிதான். அதில் மரியாதையைத் தேடக்கூடாது. காலையில் நான் “இன்னிக்கு மழை வரும் ஸார்” என்றால்கூட இதைக் கேட்பார்.

சேர்ந்த முதல் வாரமே ஒரு முயலைக் கொன்றேன். ஒரு வீட்டிலிருந்து சோதனைக்கு வந்த குப்பியில் இனிப்பாக ஒரு மணம் வந்தது. பெரிய இடத்து அம்மாள், அவர்கள் வீட்டில் எல்லாமே மணக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஊசியில் ஏற்றினேன். கால் மணி நேரத்தில் முயல் காலை நீட்டிவிட்டது. டாக்டர் வந்து குப்பியை முகர்ந்தார்.

“ஸ்வாமி, இதில் என்ன இருந்தது?”

“மூத்திரம் ஸார்.”

“கண்டதோ, கேட்டதோ?”

குப்பியைத் திருப்பிப் பார்த்தேன். வைத்தியசாலை அரிஷ்டத்தின் சீட்டு பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் மிச்சமிருந்த மருந்தோடேயே அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து நாங்களே வெந்நீரில் கொதிக்க வைத்த குப்பியைக் கொடுத்தனுப்புவது வழக்கமாயிற்று. டாக்டர் கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார்.

முயல் சோதனை என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பமான பெண்ணின் சிறுநீரில் ஒரு சத்து இறங்கும். காலையில் முதலில் பிடித்ததில் அது கூடுதல். அதை வடிகட்டி, பருவம் வந்த, ஆண் வாடை படாத பெண் முயலின் காது நரம்பில் ஏற்ற வேண்டும். முயலை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு, காதை வெந்நீர்ப் பஞ்சால் ஒற்றி, நரம்பு நீலமாக எழும்பும்வரை பொறுக்க வேண்டும். பிறகு மெல்ல, ராமநாமம் பத்துத் தடவை சொல்லும் நேரத்தில் ஒரு சி.சி. என்ற கணக்கில் இறக்க வேண்டும். ராமநாமக் கணக்கு என்னுடையது; டாக்டர் கைக்கடிகாரம் வைத்திருந்தார். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து முயலை மயக்கி, வயிற்றைத் திறந்து, சூலகத்தைப் பார்க்க வேண்டும். அதில் குன்றிமணிபோல் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் அந்தப் பெண் கர்ப்பம். வெளுப்பாக இருந்தால் இல்லை. முயலுக்கு இரண்டிலும் ஒரே முடிவுதான்.

திறப்பது டாக்டர். தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். வெங்காயம்கூட நறுக்கிப் பழக்கமில்லாத வீட்டில் பிறந்தவன், முதல் மாதம் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டே தட்டைப் பிடித்தேன். வீட்டில் ரத்தம் பரிசோதிக்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். அது முயல் ரத்தமா மனுஷ ரத்தமா என்று அம்மா கேட்கவில்லை. கிணற்றடியில் இரண்டு வாளி ஊற்றிக்கொள்ளாமல் உள்ளே விடமாட்டாள், அவ்வளவுதான்.

எங்கள் கூடுகள் பின்கட்டில் வரிசையாக இருந்தன. புதிதாக வந்த ஒவ்வொரு முயலும் மூன்று வாரம் தனிக்கூட்டில் இருக்க வேண்டும். நான் சேர்ந்த அன்றே டாக்டர் சொல்லிவிட்டார்: “தனியே, கேட்டோ. தனியே.” கேட்டோ என்றால் கேட்டாயா என்று பொருள். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆண் முயலோடு சேர்ந்தால் சூலகத்தில் அதே சிவப்புப் புள்ளி வந்துவிடும், அதற்குத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பாதி சரி. பாதி சரியான விஷயம்தான் முழுத் தப்பைவிட ஆபத்து என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

தனிக்கூட்டில் முயல்கள் வாடின. யுத்த நாளில் முயல் கிடைப்பது பாடாக இருந்தது. ஒரு பாதிரியார் பங்களாவில் வளர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் மாதத்துக்கு நாலைந்து. சாலை என்ற கடைத்தெருவில் உதிர்ந்து கிடக்கும் முட்டைக்கோஸ் இலையைப் பொறுக்கி வந்து போட்டேன். முகர்ந்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டன. நாலாம் நம்பர் கம்பியைக் கடித்துக்கொண்டே இருந்தது. அதன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் என் மனைவி கோமு தூரமாகி, கொல்லைப்புற அறையில் மூன்று நாள் தனியே உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீடுகளில் அந்த நாட்களில் யாரையும் தொடாமல் விலகி இருக்க வேண்டும். நான் வேலையிலிருந்து வந்தபோது அங்கிருந்து சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் அடுத்த வீட்டுப் பங்கஜமும் அதே நிலைமையில் குட்டைச் சுவரைத் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிறாள். இருவரும் புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“தனியா இருக்கணும்னு சொல்வாளே” என்றேன்.

“அது உங்களுக்கெல்லாம்னா. நாங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானே இருக்கோம்? தொட்டுண்டா என்ன?” என்றாள் கோமு.

எனக்குத் தலையில் விளக்கு எரிந்தது. முயலின் தனிமையும் இதே சங்கதிதான்! மடி கெடுவது ஆண் தொட்டால்தான். இரண்டு பெண்கள் சேர்ந்திருந்தால் மடிக்கு என்ன குறை? இப்படி ஒரு ஆராய்ச்சியை மேல்நாட்டில் எவனும் செய்திருக்க முடியாது. மறுநாள் சாயங்காலம் டாக்டர் கிளம்பியதும் நாலாம் நம்பரையும் ஏழாம் நம்பரையும் ஒரே கூட்டில் விட்டேன். இரண்டும் மூக்கோடு மூக்கு உரசின. நாலு சந்தோஷமாகக் கோஸ் இலை தின்றது. காலையில் டாக்டர் வருவதற்குள் பிரித்து வைத்துவிடுவேன். அதன் பிறகு மற்ற முயல்களுக்கும் ஜோடி பார்த்தேன். எல்லாம் எடை கூடின. “தீனி நன்னாயிட்டுண்டல்லோ ஸ்வாமி” என்று டாக்டர் ஒரு தரம் மெச்சினார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒன்பதாம் நம்பர் மட்டும் யாரோடும் சேரவில்லை. எந்த முயலை விட்டாலும் பாய்ந்து காதைக் கடித்தது. என் கட்டை விரலில் அதன் பல் தடம் இன்னும் இருக்கிறது. ராட்சசி, தனியே கிட என்று விட்டுவிட்டேன்.

இந்த நிலையில்தான் ஒரு சனிக்கிழமை காலை சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் சங்கரலிங்கம் பிள்ளையும் அவர் மனைவி ஆவுடையம்மாளும் வந்தார்கள். பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றின் டாக்டரம்மா சீட்டெழுதி அனுப்பியிருந்தார். பிள்ளைக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும், அந்த அம்மாளுக்கு முப்பத்தெட்டு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அம்மாளுக்கு மூன்று மாதமாகத் தீட்டு நின்றிருந்தது. அடிவயிற்றில் டாக்டரம்மாவின் கைக்குக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. அது பிள்ளையா கட்டியா என்பதுதான் கேள்வி. கட்டியென்றால் நாள் கடத்தாமல் அறுத்து எடுக்க வேண்டும். பிள்ளையென்றால் கத்தி வைப்பது பாவம்.

சாதாரணமாகக் குப்பி வேலைக்காரி கையில் வரும். இவர்கள் நேரில் வந்ததற்குக் காரணம் பிள்ளையின் அவசரம்.

“அய்யரே, திங்கக்கிழமை கண்டிப்பா சொல்லிப்புடுவீரா?” என்றார். “வாற வியாழக்கிழமை அம்பாசமுத்திரத்துல ஒரு வீட்டுல நான் கை நனைக்கணும். பொண்ணு வீட்டுக்காரங்க பந்தலுக்கே சொல்லியாச்சு. இவளுக்குப் பிள்ளைன்னு ஆயிப்போச்சுன்னா அந்தக் காரியம் வேண்டாம் பாரும்.”

பெண் வீட்டில் கை நனைப்பது என்றால் சாப்பிட்டுச் சம்பந்தத்தை உறுதி செய்வது. இரண்டாம் கல்யாணம். மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரிசி மூட்டை வருமா வராதா என்பதுபோல் கேட்டார். பொல்லாத மனிதர் என்று சொல்லமாட்டேன். பதினெட்டு வருஷம் பிள்ளைக்காகக் காத்திருந்தவர், அந்தக் காலத்தில் மற்றவர்கள் அத்தனை பொறுக்க மாட்டார்கள். ஆவுடையம்மாள் ஜன்னல் வழியே கூடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல எது சாமி எனக்கு?” என்று கேட்டார்.

நாலாம் நம்பரைக் காட்டினேன். “நல்லா இருக்கு” என்றார்.

அன்று காலையே நாலாம் நம்பருக்கு ஊசி போட்டேன். நரம்பு சரியாக எழும்பாமல் மூன்று தடவை குத்த வேண்டியதாயிற்று. பாவமாக இருந்தது. சாயங்காலம் வலிக்கு ஆறுதலாக ஏழாம் நம்பரைக் கூட்டிக்கொண்டுபோய் அதன் கூட்டில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். ஊசி போட்ட முயலை இன்னொன்றோடு விட்டது அதுதான் முதல் தடவை; ஜோடி சேர்த்தவற்றில் ஒன்றைச் சோதனைக்கு எடுத்ததும் அதுவே முதல்.

திங்கட்கிழமை டாக்டர் திறந்தார். அதற்குள் நான் கூரையைப் பார்ப்பதை விட்டிருந்தேன். இரண்டு சூலகத்திலும் பளிச்சென்று சிவப்புப் புள்ளிகள். டாக்டர் குனிந்து எண்ணினார், என்னையும் எண்ணச் சொன்னார். பாசிட்டிவ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீட்டை நானே ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோய்ச் சாலைக் கடையில் கொடுத்தேன். பிள்ளை அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த மத்தியானமே கணக்கப்பிள்ளையை பஸ் ஏற்றி, வியாழக்கிழமை தான் வரவில்லை என்று அம்பாசமுத்திரத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அவர் எங்கள் லேபுக்கே வந்தார். பின்னால் ஒரு ஆள் தலையில் கூடை: முழு முட்டைக்கோஸ், காரட், இளம் பீன்ஸ். அந்த நாளில் மனுஷருக்கே கிடைக்காத சாமான்கள்.

“அந்த முயலுக்குக் குடும். நம்ம வீட்டுல விளக்கேத்துன முயலாக்கும்” என்றார்.

அந்த முயலை முந்தின நாளே பின்கட்டில் பலா மரத்தடியில் புதைத்தாயிற்று என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. “இப்போ தூங்கறது” என்றேன். அவர் தூங்குகிற முயலைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மெல்ல நடந்து வெளியே போனார்.

அன்று சாயங்காலம் காரட்டை மற்ற முயல்களுக்குப் பங்கு வைத்தேன். ஜோடியை இழந்த ஏழாம் நம்பர் துணையில்லாமல் இருக்குமே என்று ஐந்தாம் நம்பரோடு விட்டேன். வழக்கமாக விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். அன்று காரட் தின்பதை வேடிக்கை பார்க்க நின்றேன். ஏழாம் நம்பர் காரட்டைச் சட்டை செய்யவில்லை. ஐந்தாம் நம்பரின் முதுகில் ஏறிக்கொண்டு, ஓர் ஆண் முயல் என்ன செய்யுமோ அதையே செய்தது.

முதலில் ஏழாம் நம்பர் ஆண் போலிருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். பிடித்துப் புரட்டிப் பார்த்தேன். பெண்தான். கூட்டில் விட்டேன். மறுபடியும் ஏறியது. கொஞ்ச நேரத்தில் ஐந்தாம் நம்பரும் பதிலுக்கு ஏறியது. நான் மடியாக வைத்திருந்த பெண்கள் இத்தனை நாளாக இதைத்தான் செய்துகொண்டிருந்தார்களா?

கோட்டைக்குப் போகாமல் நேரே டாக்டர் வீட்டுக்குப் போனேன். அவர் மரச்சீனிக் கிழங்கும் பாலில்லாத கட்டன்காப்பியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று, “ஸார், ரெண்டு பெண் முயல் ஒண்ணா இருந்தா, ஒண்ணு மேலே ஒண்ணு ஏறினா, அதுக்கு அப்படி ஆகுமா?” என்றேன். இதைவிட ஒழுங்காகக் கேட்க எனக்குத் தெரியவில்லை.

“கண்டதோ, கேட்டதோ?”

“கண்டது ஸார்.”

மரச்சீனித் தட்டை நகர்த்தி வைத்தார். “நாலாம் நம்பர்?”

“சனிக்கிழமை சாயங்காலமும் ஏழோட விட்டேன் ஸார். அழுதது, அதனாலே.”

முயல் அழாது என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அப்படித்தான் வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார், அது இன்னும் பயமாக இருந்தது.

“பெண் முயலுக்கு அந்தத் தொடுகையே மதி. எது தொட்டதுன்னு அதுக்குத் தெரியாது. அதுக்குத்தான் தனியேன்னு சொன்னது” என்றார். பிறகு, “அந்த அம்மாவுக்குக் கட்டியாயிருந்தால், நம்ம சீட்டு அவரைக் கொல்லும், அல்லே?” என்றார்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு லேபுக்குக் கூட்டிப்போனார். ரிஜிஸ்தரைத் திறந்து, “எழுதும். சொந்தக் கையாலே எழுதும்” என்றார். நாலாம் நம்பர் தனியே வைக்கப்படவில்லை, முடிவு செல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே அவர் ஒரு வரி எழுதினார்: தனியே வைக்கச் சொன்னேன், எதற்கு என்று விளக்கவில்லை, அது என் தவறு. அதிலும் கையெழுத்து. அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுபடி சோதனை செய்ய முயல் வேண்டும். கூடுகளின் முன்னால் நின்று, “எது தனியே இருந்தது?” என்றார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். என் கருணை அத்தனை பேரையும் கெடுத்திருந்தது. கடைசிக் கூட்டில் ஒன்பதாம் நம்பர் காதை மடக்கிக்கொண்டு எங்களை முறைத்தது. அந்த லேபில் விதிப்படி நடந்துகொண்ட ஒரே ஜீவன் அதுதான்.

“விடியும்போது போய்ப் புதுக் குப்பி வாங்கி வரணும். உடம்பு அந்த அம்மாவோடது. காரியம் முதலில் அவரிடம் சொல்லணும், கேட்டோ. வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமை சொல்லலாம்” என்றார் டாக்டர். டாக்டரம்மாவிடம் தானே சொல்வதாகச் சொன்னார்.

புதன்கிழமை விடியற்காலையில் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். கடை முன்புறம், வீடு பின்புறம். ஆவுடையம்மாள் பின்வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். அவரைப் பார்த்ததும் மறந்துவிட்டது.

“முதல் முயலை நான் சரியா வச்சுக்கலைம்மா. அது சொன்னதை நம்ப முடியாது. இன்னொரு தடவை பார்க்கணும்” என்றேன்.

வாளியைக் கீழே வைத்தார். “அவுஹகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்லை. உங்ககிட்டதான் முதல்ல.”

“முடிவு என்னைக்குத் தெரியும்?”

“வெள்ளிக்கிழமை காலம்பற.”

குப்பியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் திரும்பி வந்து கொடுத்தார். “வெள்ளிக்கிழமை வரட்டும். அதுவரைக்கும் கடைப்பக்கமாப் போகாதீங்க சாமி. இப்படிப் பின்னால கூடியே போயிருங்க” என்றார்.

பாவம், இன்னும் இரண்டு நாளாவது அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார் என்று எனக்குத் தோன்றியது. குப்பியை மடியில் கட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூட்டை தூக்குகிறவர்கள் மேலெல்லாம் இடித்துக்கொண்டு நடந்தேன். ஒன்பதாம் நம்பருக்கு ஊசி போடும்போது அது மறு கட்டை விரலையும் கடித்தது.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் அதைத் திறந்தார். சூலகம் வெளுப்பாக, முத்துப்போல் இருந்தது. ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. அன்றுவரை ஒரு முயலிடம் சிவப்புப் புள்ளி வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதில்லை. அன்று கடைசி நிமிஷம்வரை வேண்டினேன்.

டாக்டரம்மாவின் அறையில் பிள்ளையும் ஆவுடையம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் ஈப்பன், “செய்தவர்தான் சொல்லணும்” என்று என்னைப் பார்த்தார். இரண்டு பெண் முயல்களுக்குள் நடந்ததை நாலு பேருக்கு நடுவில், அதில் இருவர் பெண்கள், விளக்கிச் சொல்லும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. கோமுவையும் பங்கஜத்தையும் விட்டுவிட்டேன். மற்றதையெல்லாம் சொன்னேன். டாக்டரம்மா வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

பிள்ளை சிரிக்கவில்லை. “அப்போ முயல் தப்பாச் சொல்லிட்டுதா?” என்றார்.

“ஆமாம்.”

“முயல் எங்கவே சொல்லிச்சு? நீருல்லா சொன்னீரு” என்றார்.

ஆவுடையம்மாள் அழுதார். சத்தமே இல்லை. முந்தானையைப் பந்தாகச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். டாக்டரம்மா எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் வேலையை விட்டுவிடலாம் என்று அங்கேயே தீர்மானித்தேன். டாக்டர் ஈப்பனிடம் சொன்னபோது, “முயல் வைக்கப் படிச்சாச்சு. இனிப் போகவேண்டாம்” என்றார்.

திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது. தேங்காய் அளவுக் கட்டி. கெட்ட கட்டி இல்லை, ஆனால் இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. பத்தாம் நாள் மன்னிப்புக் கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆவுடையம்மாள் தலையணையில் சாய்ந்து ஹார்லிக்ஸ் குடித்துக்கொண்டிருந்தார். நான் மனப்பாடம் செய்ததைத் தொடங்கினேன்.

“இரியும் சாமி” என்றார். அதுவரை என்னை நீங்க என்று சொன்னவர், அன்று உரிமையாக நீருக்கு இறங்கிவிட்டார். “நீரு எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? உம்ம சீட்டாலதான் வியாழக்கிழமை தாண்டிச்சு.”

எனக்கு விளங்கவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். பந்தலும் பலகாரமும் போட்டுவிட்டுக் காத்திருந்த பெண் வீட்டாருக்கு, கணக்கப்பிள்ளை போய், மாப்பிள்ளை வரமாட்டார் என்றதும் ரோஷம் வந்துவிட்டது. குறித்த முகூர்த்தத்தை விடக்கூடாது என்று, அதே வியாழக்கிழமை, அந்தப் பெண்ணை அவள் மாமன் மகனுக்கே பேசி முடித்துவிட்டார்கள். சங்கதி தெரிந்த பிறகு பிள்ளை வேறு இடம் பார்க்கவில்லை. ஊர் சிரித்தது போதும் என்று விட்டுவிட்டாராம்.

“அந்தப் பொண்ணுக்குப் பதினேழு வயசு சாமி. அதுவும் பிழைச்சுது” என்றார்.

“அப்போ புதன்கிழமை பின்வாசல் வழியாப் போகச் சொன்னது…”

“வியாழக்கிழமை போகட்டும்னுதான். எனக்குத்தான் திங்கக்கிழமையே தெரியுமே, அது பிள்ளை இல்லைன்னு. வந்த புதுசுல மூணு தடவை உண்டாகி நிக்காமப் போனவ நான். பிள்ளைன்னா உடம்பு ஒரு மாதிரி சொல்லும். இது சொல்லலை.”

“கட்டின்னு தெரிஞ்சும் பேசாம இருந்தேளா? உயிருக்கு ஆபத்தாச்சே அம்மா.”

“ஒரு வாரத்துல கட்டி என்ன பண்ணிரும்? வியாழன் கழிஞ்சதும் நானே டாக்டரம்மாகிட்ட வந்து சொல்லுததா இருந்தேன். அதுக்குள்ள நீரு வந்து நிக்கீரு, திருடனாட்டம் முழிச்சுக்கிட்டு.”

ஊரிலேயே ஒரு ரகசியத்தைச் சுமந்துகொண்டு திரிந்தவன் நான் ஒருவன்தான் என்று அந்த ஒரு வாரமும் நினைத்திருந்தேன். அதே ரகசியத்தை எனக்கு முன்னாலேயே தெரிந்துவைத்துக்கொண்டு ஒருத்தி வாசல் தெளித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அசட்டுச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார், தையல் வலித்ததால் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கிய பிறகு, கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டுவிட்டேன். “எல்லாம் தெரிஞ்சிருந்தும் வெள்ளிக்கிழமை அப்படி அழுதேளே. அதுவும் அவர் நம்பணும்னுதானா?”

அவர் ஹார்லிக்ஸ் தம்ளரைக் கீழே வைத்தார். வெகுநேரம் அதன் விளிம்பை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இல்ல சாமி. அது நெசமாவே அழுததுதான். எனக்குத் தெரியும், தெரியும்னுதான் இருந்தேன். ஆனா உம்ம சீட்டு வந்த அன்னைலேர்ந்து வெள்ளிக்கிழமை வரைக்கும், ஒருவேளை என்னைவிட அந்த முயலுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்குமோன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்” என்றார்.